ஒரே சேர்வரில் பிஎச்பி 7.4உம் 8.3உம்: பூல் பிரித்தாயிற்று, கேஷ் ஏன் பிரியவில்லை?

உவர்மலை வெப்:

திருகோணமலையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன வெப்சைட் வேலை செய்கிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்): 4 ஜிபி ரேம், உபுண்டு 22.04, வெப் சேர்வராக என்ஜின்எக்ஸ். அதில் நாலு தளம். நிலாவெளியில் ஒரு தங்குமிடத்தின் முன்பதிவுத் தளம், பழைய கோட், பிஎச்பி மொழியின் 7.4 வேர்ஷனில்தான் ஓடும், எழுதிக் கொடுத்தவர் நாட்டை விட்டே போய்விட்டார். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் இருப்புக் கணக்கு, அதுவும் 7.4. மற்ற இரண்டும் 8.3: பழைய மாணவர் சங்கம் ஒன்றின் வேர்ட்பிரஸ், அப்புறம் ஓர் உள்ளூர்ச் செய்தித்தளம், அது லாரவெல்.

இரண்டு வேர்ஷனும் எஃப்பிஎம் (பிஎச்பியை வெப் சேர்வருக்காகப் பின்னணியில் ஓட்டும் சேவை) வழியாக ஓடுகின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தனி பூல் (வேலை செய்யும் புரோசஸ்களின் குழு), தனி லினக்ஸ் பயனர், தனி சொக்கெட் (என்ஜின்எக்ஸ் அந்த பூலோடு பேசும் வாசல்). அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேர்ட்பிரஸ் பக்கத்தில் ஓபிகேஷ் (கம்பைல் ஆன பிஎச்பி கோட்டை நினைவகத்தில் வைக்கும் கேஷ்) நிலையைக் காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துப் பார்த்தால், பட்டியலில் செய்தித்தளத்தின் கோப்புகளும் முழுப் பாதையோடு வருகின்றன. 7.4 பக்கத்தில் பார்த்தால் 7.4 தளங்கள் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, 8.3இன் கோப்பு ஒன்றுகூட இல்லை. செய்தித்தளத்துக்குப் புது கோட் ஏற்றிவிட்டு ஓபிகேஷை ரீசெட் செய்தால் சங்கத் தளமும் கொஞ்ச நேரம் இழுக்கிறது.

பூல் தனி என்றால் கேஷும் தனி இல்லையா? ஒவ்வொன்றுக்கும் தனியாக வைக்க வழி உண்டா? "இன்னொரு சேர்வர் வாங்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டொலரில் கட்டுகிற பில், 2022க்குப் பிறகு ரூபாயில் அது என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும்.

மூதூர் கரை:

தம்பி, நீங்கள் பார்த்தது சரியான நடத்தைதான், பழுது இல்லை.

எஃப்பிஎம் தொடங்கும்போது முதலில் மாஸ்டர் புரோசஸ் ஒன்று எழும்பும். ஓபிகேஷுக்கான பகிர்வு நினைவகத்தை அந்த மாஸ்டர்தான் ஒதுக்குகிறது. அதற்குப் பிறகுதான் எல்லா பூல்களின் வேர்க்கர்களும் அதிலிருந்து ஃபோர்க் ஆகின்றன, அதாவது அதன் பிள்ளைகளாகப் பிரிகின்றன. ஆகவே ஒரு மாஸ்டரின் கீழ் எத்தனை பூல் இருந்தாலும், பயனர் வேறு, சொக்கெட் வேறு, எல்லாம் வேறாக இருந்தாலும், எல்லாரும் அள்ளுவது ஒரே கிணற்றில்தான். 7.4உக்கு ஒரு மாஸ்டர், 8.3உக்கு இன்னொரு மாஸ்டர், அதனால் வேர்ஷனுக்கு வேர்ஷன் கேஷ் தானாகவே பிரிந்துவிட்டது. பூலுக்குப் பூல் பிரியாது. பூல் கோப்புக்குள் ஓபிகேஷ் நினைவக அளவை மாற்றி எழுதிப் பலன் காணாமல் எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்! அந்த அளவு மாஸ்டர் எழும்பும்போது பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் இருந்து ஒரு தடவைதான் வாசிக்கப்படும்.

ஏபிசியு (செயலி தன் தரவை நினைவகத்தில் வைக்கும் கேஷ்) பாவிக்கிறீர்களா? அதுவும் இதே கதை. ஒரே மாஸ்டரின் கீழ் இரண்டு தளம் "செட்டிங்ஸ்" என்ற ஒரே சாவியில் எழுதினால் ஒன்று மற்றதை மிதிக்கும். ஓபிகேஷ் கோப்பின் முழுப் பாதையைச் சாவியாக வைப்பதால் அங்கே மோதல் வராது, ஏபிசியுவில் கட்டாயம் வரும். சாவிக்கு முன்னால் தளத்தின் பெயரை ஒட்டுங்கள்.

பிரிப்பதற்கு முதல் ஒன்று பாருங்கள். அந்த நிலைப் பக்கத்தில் மொத்த நினைவகம், பாவித்தது, வீணானது, ஓஓஎம் ரீஸ்டார்ட் (இடம் முடிந்து கேஷ் மறுபடி தொடங்கியது), ஹாஷ் ரீஸ்டார்ட் (கோப்பு எண்ணிக்கை வரம்பு நிரம்பி மறுபடி தொடங்கியது) எவ்வளவு என்று போடுங்கள். சில நேரம் தேவைப்படுவது பிரிவினை இல்லை, இடம்தான்.

உவர்மலை வெப்:

8.3: மொத்தம் 128 எம்பி, முன்னிருப்பு அளவு, நான் தொடவில்லை. மீதி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஓஓஎம் ரீஸ்டார்ட் ஏறிக்கொண்டே போகிறது, ஹாஷ் ரீஸ்டார்ட் பூச்சியம். இன்டேர்ண்ட் ஸ்ட்ரிங் (திரும்பத் திரும்ப வரும் சரங்களை ஒரே பிரதியாக வைக்கும்) இடமும் நிரம்பிவிட்டது.

7.4: அதே 128, பாதிகூடப் பாவிக்கவில்லை.

மூதூர் கரை:

நினைத்தது சரி. வேர்ட்பிரஸும் அதன் பிளகின்களும், பக்கத்தில் லாரவெலின் வெண்டர் அடைவும், இரண்டும் 128க்குள் நெருக்குப்படுகின்றன.

நிரம்பினால் என்ன நடக்கும் என்று பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ரெடிஸ் (நினைவகத்தில் தரவு வைக்கும் தனிச் சேவை) மாதிரி பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலை ஓபிகேஷுக்குத் தெரியாது. கோப்பு மாறினால் பழைய பிரதி "வீண்" என்று குறிக்கப்பட்டு அங்கேயே கிடக்கும். நினைவகம் நிரம்பிய நேரம் அந்த வீண் பங்கு முன்னிருப்பான 5 வீதத்தைத் தாண்டியிருந்தால் கேஷ் முழுவதையும் அழித்து மறுபடி தொடங்கும், அதுதான் உங்கள் ஓஓஎம் ரீஸ்டார்ட். தாண்டாவிட்டால் இன்னும் மோசம்: புதுக் கோப்புகளைக் கேஷ் பண்ணுவதையே நிறுத்திவிடும், ஒவ்வொரு வேண்டுகோளிலும் அவை திரும்பத் திரும்பக் கம்பைல் ஆகும், எந்த லொக்கிலும் சத்தம் இருக்காது.

8.3இன் ஐஎன்ஐயில் 256 எம்பி கொடுங்கள். இன்டேர்ண்ட் ஸ்ட்ரிங் 8இல் இருந்து 32, அது அந்த 256க்குள்ளேயே எடுக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். கோப்பு எண்ணிக்கை 20000 என்று போட்டால் அது உள்ளே 32531 ஆக எடுத்துக்கொள்ளும், முன்கூட்டி வைத்த பகா எண்களில் அடுத்ததைத்தான் அது தெரிவு செய்யும். 10000 என்று விட்டால் 16229. உங்களுக்கு ஹாஷ் ரீஸ்டார்ட் இல்லை என்றபடியால் இதை உயர்த்துவது பாதுகாப்புக்குத்தான். 7.4ஐ 80க்குக் குறையுங்கள், மிச்சத்தை மற்றப் பக்கம் தள்ளலாம்.

அப்புறம், டொப் கட்டளையில் ஆர்எஸ்எஸ் (ஒரு புரோசஸ் பிடித்த நினைவகம்) பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பகிர்வு நினைவகத்தில் தொட்ட பக்கங்களை ஒவ்வொரு வேர்க்கரின் கணக்கிலும் திரும்பத் திரும்பக் கூட்டிக் காட்டும். பிஎஸ்எஸ் (பகிர்ந்ததைப் பங்கிட்டுக் கணக்கிடும் அளவு) காட்டும் எஸ்மெம் கருவியைப் போட்டுப் பாருங்கள், உண்மைக் கணக்கு வரும்.

கிண்ணியா நெட்:

ஏன் இவ்வளவு சிரமம்? டொக்கரில் தளத்துக்கு ஒரு கண்டெய்னர் (தனித்து ஓடும் பெட்டி) போட்டால் மாஸ்டரும் தனி, கேஷும் தனி, வேர்ஷனும் விரும்பியது. எழுதி முடித்தால் வேறு சேர்வருக்கு மாறுவதும் லேசு. நான் எல்லாத் தளத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மூதூர் கரை:

நானா, கை பழகியவருக்கு அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் 7.4 விஷயத்தில் ஒன்று இருக்கிறது. பிஎச்பி திட்டம் 7.4ஐ 2022 நவம்பர் 28ஆம் திகதியோடு கைவிட்டுவிட்டது, டொக்கரின் அதிகாரபூர்வப் படிமமும் அதோடு நின்றுவிட்டது. அதை இழுத்துப் போட்டால் அடியில் இருக்கும் டெபியன் துண்டுகளும் அன்றைய நிலையில் உறைந்துதான் இருக்கும், நீங்களே கட்டினால் தவிர. தம்பி உபுண்டுவில் ஒண்ட்ரே சூரியின் பிபிஏயில் (உபுண்டுவுக்கு வெளியே ஒருவர் நடத்தும் பொதிக் களஞ்சியம்) இருந்து 7.4 போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். டெபியனில் பிஎச்பி பொதிகளைப் பராமரிப்பவரும் அவர்தான். அதில் 7.4உம் 8.3உம் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றையொன்று இடிக்காமல் உட்காரும், அடியில் உள்ள லைப்ரரிகளுக்கு உபுண்டுவின் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும்.

கிண்ணியா நெட்:

படிமம் உறைந்தது என்பது சரிதான், நான் என்னுடையதை உபுண்டு அடிப்படையில் கட்டித்தான் வைத்திருக்கிறேன். 4 ஜிபியில் டேட்டாபேஸும் சேர்த்து ஓடுகிறது என்றால் கண்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் தனி ஓபிகேஷ் ஒதுக்குவது இடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அலஸ்தோட்டம்:

டொக்கர் இல்லாமலே தனி மாஸ்டர் வைக்கலாம், லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி போதும். அலுவலகத்தில் வேறு வேறு ஆட்களின் தளங்களை ஒரே பெட்டியில் வைத்திருப்பதால் இதைத்தான் செய்கிறோம்.

8.3 எஃப்பிஎம்மின் சேவைக் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுங்கள், "சங்கம்", "செய்தி" என்று எதுவானாலும். அதில் தொடக்கக் கட்டளை எந்த எஃப்பிஎம் அமைப்புக் கோப்பை வாசிக்கிறது என்ற வரி இருக்கும், அதைப் புதிய கோப்புக்குத் திருப்புங்கள். புதிய கோப்பில் மூன்று இடம் கட்டாயம் மாற வேண்டும்: பிஐடி (புரோசஸ் எண்) கோப்பு, பிழை லொக், பூல் அடைவைச் சேர்க்கும் வரி. மூன்றாவதை விட்டுவிட்டால் இரண்டு மாஸ்டரும் ஒரே பூல்களைத் தூக்க முயன்று சொக்கெட்டுக்குச் சண்டை பிடிக்கும். பிஎச்பி பைனரி அதே 8.3தான், இரண்டாம் தடவை ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. ஓபிகேஷ் அளவு வேறாக வேண்டுமென்றால் தொடக்கக் கட்டளையிலேயே டி கொடியோடு கொடுக்கலாம்.

எப்போது இது தேவை? இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம், மூதூர் அண்ணா சொன்ன மாதிரி அளவை உயர்த்தினால் சரி. தளங்களின் சொந்தக்காரர்கள் வேறு என்றால் தேவை. வேர்ட்பிரஸில் ஒரு ஓட்டைப் பிளகின் வழியாக யாராவது உள்ளே வந்தால், ஓபிகேஷ் நிலையைக் கேட்டு மற்றத் தளத்தின் கோப்புப் பாதைகள் எல்லாம் வாங்கிவிடலாம், ரீசெட் அடித்துக்கொண்டே இருக்கலாம். பிரிக்க முடியாவிட்டால் குறைந்தது இரண்டு அமைப்பையாவது போடுங்கள். ஒன்று ரெஸ்ட்ரிக்ட் ஏபிஐ, குறித்த பாதையில் இருக்கும் ஸ்கிரிப்ட் மட்டும்தான் ஓபிகேஷ் செயற்கூறுகளைக் கூப்பிட முடியும். மற்றது வாலிடேட் பெர்மிஷன். முன்னிருப்பில் அது மூடியிருக்கும், அதனால் ஒரு பயனருக்கு வாசிக்க உரிமையில்லாத கோப்பு கேஷில் இருந்தால் அப்படியே கிடைத்துவிடும். பல பயனர் உள்ள பெட்டியில் அது திறந்திருக்கவே வேண்டும்.

இன்னொன்று, 7.4இல் வந்த பிரீலோட் வசதி, தொடங்கும்போதே கோட்டை நினைவகத்தில் ஏற்றி வைப்பது. அதுவும் மாஸ்டரோடு போவது. லாரவெலுக்கென்று பிரீலோட் போட்டால் அதே மாஸ்டரின் கீழ் இருக்கும் வேர்ட்பிரஸுக்குள்ளும் அந்த வகுப்புகள் ஏறி இருக்கும். பிரீலோட் வேண்டுமென்றால் தனி மாஸ்டர் இல்லாமல் யோசிக்கவே வேண்டாம்.

உவர்மலை வெப்:

அக்கா, பிரித்துவிட்டேன். சங்கத்துக்கு 128, செய்திக்கு 128 கொடுத்திருக்கிறேன். நிலைப் பக்கத்தில் இப்போது அவரவர் கோப்பு மட்டும்தான். சங்கத் தளம் ஆட்கள் எப்போதாவது வந்துபோகும் இடம் என்பதால் அதன் பூலை ஒன்டிமாண்ட் (தேவைப்படும்போது மட்டும் வேர்க்கர் எழும்பும் முறை) ஆக்கினேன், ஹார்ட்வெயார் கடையையும் அப்படியே. பத்து விநாடி சும்மா இருந்தால் வேர்க்கர்கள் போய்விடுகின்றன, நல்ல மிச்சம். மாஸ்டர் தொடர்ந்து ஓடுகிறபடியால் கேஷ் போவதில்லை.

இப்போது வேறொன்று. செய்தித்தளத்துக்குக் கோட் ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் கொமாண்ட் லைனில் இருந்து ஓபிகேஷ் ரீசெட் கூப்பிடுகிறேன். "சரி" என்று பதில் வருகிறது, தளம் பழைய கோட்டிலேயே நிற்கிறது. கோப்பு நேரம் பார்ப்பதை வேகத்துக்காக மூடி வைத்திருக்கிறேன்.

மூதூர் கரை:

கொமாண்ட் லைன் பிஎச்பி என்பது வேறு புரோசஸ், அதற்கும் எஃப்பிஎம்முக்கும் பகிர்வு நினைவகம் கிடையாது. நீங்கள் அழிப்பது அந்த ஒரு நொடியில் பிறந்து சாகும் அதன் சொந்த வெற்றுக் கேஷை. எஃப்பிஎம்முக்குள் போய் அழிக்க இரண்டு வழி. கேஷ்டூல் என்று ஒரு கருவி இருக்கிறது, அது நேரே எஃப்பிஎம் சொக்கெட்டோடு ஃபாஸ்ட்சிஜிஐ நெறிமுறையில் பேசி ரீசெட் செய்யும். எந்த மாஸ்டர் என்று சொக்கெட்டால் தெரிவு செய்யலாம், உங்களுக்கு இப்போது மூன்று மாஸ்டர் இருக்கிறபடியால் அது வசதி. இல்லையென்றால் அந்தச் சேவையை ரீலோட் செய்யுங்கள், மாஸ்டர் தன்னைத் தானே மறுபடி தொடக்கும், கேஷ் புதிதாக வரும்.

ரீலோட் என்றால் ஒரு கவனம். புரோசஸ் கொன்ட்ரோல் டைம்அவுட் முன்னிருப்பில் பூச்சியம். அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேண்டுகோள் முடியும்வரை பொறுக்காது, வெட்டிவிடும், அந்த நேரம் பக்கத்தில் இருந்தவருக்கு 502 பிழை. செய்தித்தளத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நிலாவெளித் தளத்தில் ஒருவர் அறைக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது நடந்தால் காசு போயிருக்கும், பதிவு இருக்காது. பத்து, இருபது விநாடி கொடுத்து வையுங்கள்.

சிம்லிங்க் (அடைவைச் சுட்டும் குறுக்குவழி) மாற்றித்தான் கோட் ஏற்றுகிறீர்கள் என்றால் என்ஜின்எக்ஸில் ஆவண வேரின் பெயரை அப்படியே எஃப்பிஎம்முக்கு அனுப்பாமல் ரியல்பாத் ரூட் என்ற மாறியை அனுப்புங்கள். அப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பாதையே வேறாகிவிடும், ரீசெட் இல்லாமலே புதுக் கோட் வரும். பழைய வெளியீட்டின் பிரதிகள் நினைவகத்தில் கிடந்து இடம் பிடிக்கும் என்பதால் இடைக்கிடை ரீலோட் தேவைதான்.

கிண்ணியா நெட்:

கொமாண்ட் லைன் கதை வந்ததால் கேட்கிறேன், கிரொன் (நேரம் வைத்துத் தானாக ஓடும்) வேலைகள் எந்த வேர்ஷனில் ஓடுகின்றன என்று பார்த்தீர்களா? வெறுமனே பிஎச்பி என்று எழுதினால் ஒல்டர்நேட்டிவ்ஸ் (முன்னிருப்பு வேர்ஷனைத் தெரிவு செய்யும் ஏற்பாடு) எதைக் காட்டுகிறதோ அதுதான் ஓடும். பிபிஏ இருக்கும் பெட்டியில் எண் இல்லாத பெயரில் ஏதாவது எக்ஸ்டென்ஷன் நிறுவினால், அந்த நேரத்துப் புது பிஎச்பியையும் கூடவே இழுத்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அதையே முன்னிருப்பாக்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இரவுக் கணக்கு அனுப்பும் வேலை இப்படித்தான் ஒரு நாள் நின்றுபோனது, பகலில் தளம் ஒழுங்காக ஓடியபடியால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நிறுவும்போதும் கிரொனில் எழுதும்போதும் எப்போதும் எண்ணோடு: பிஎச்பி7.4, பிஎச்பி8.3. லைப்ரரிகளை நிறுவும் கொம்போசரையும் அப்படியே எண்ணோடு கூப்பிடுங்கள்.

சீனக்குடா:

இவ்வளவு பேரும் ஓபிகேஷோடு நின்றுவிட்டீர்கள். அது பிரிந்தால் எல்லாம் பிரிந்தது என்று அர்த்தமில்லை. பிஎச்பிக்கு வெளியே இருக்கிற கேஷுக்கு நீங்கள் எந்த வேர்ஷன் என்பதே தெரியாது.

ரெடிஸ் வைத்திருக்கிறீர்களா, உவர்மலை?

உவர்மலை வெப்:

ஆம் அண்ணா. வேர்ட்பிரஸின் ஒப்ஜெக்ட் கேஷ், லாரவெலின் கேஷும் கியூவும் (பிறகு செய்யக் காத்திருக்கும் வேலைகள்). ஒரே ரெடிஸ்.

சீனக்குடா:

அப்படியென்றால் இதைக் கவனமாக வாசியுங்கள். ரெடிஸில் முன்னிருப்பாக 16 டேட்டாபேஸ், 0 முதல் 15 வரை. வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்றும் சொல்லாவிட்டால் 0இல் போய் உட்காரும். லாரவெல் கேஷை 1இல் வைக்கும், கியூவை 0இல் வைக்கும். இப்போது சங்கத்து நிர்வாகி ஒருவர் வேர்ட்பிரஸ் உள்ளே போய் "கேஷை அழி" பொத்தானை அமத்தினால் அந்த டேட்டாபேஸ் முழுவதும் காலி. செய்தித்தளத்தின் கியூவில் காத்திருந்த மின்னஞ்சல், படம் சுருக்கும் வேலை எல்லாம் அதோடு போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, அந்த வேலைகள் இருந்த அடையாளமே இருக்காது. சாவிக்கு முன்னொட்டு போட்டிருக்கிறேன் என்பதும் காப்பாற்றாது. லாரவெலின் கேஷ் கிளியர்கூட முன்னொட்டைப் பார்க்காது, டேட்டாபேஸையே துடைக்கும், அவர்களுடைய ஆவணத்திலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது.

வேர்ட்பிரஸை 5க்கோ 6க்கோ மாற்றுங்கள். ஆனால் டேட்டாபேஸ் எண் மாற்றுவதும் அரைத் தீர்வுதான், ஏனென்றால் நினைவக உச்சவரம்பும் வெளியேற்றும் விதியும் ரெடிஸ் முழுவதற்கும் ஒன்று. கேஷுக்கு ஒல்கீஸ் எல்ஆர்யு விதி நல்லது, பழையதைத் தானே கழிக்கும். அதே விதி கியூவுக்கு விஷம், நெருக்கடி வந்தால் செய்யாத வேலையையும் கழித்துவிடும். ஆகவே கியூவுக்கும் செஷனுக்கும் (தளத்துக்கு வந்தவரை நினைவில் வைக்கும் தற்காலிகத் தரவு) இன்னொரு சின்ன ரெடிஸ், வேறு போர்ட் அல்லது சொக்கெட், எதையும் கழிக்காத நோஎவிக்ஷன் விதி. வெறும் ரெடிஸ் புரோசஸ் ஒன்று எடுக்கும் இடம் சில எம்பிதான், ஓபிகேஷோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

செஷனைச் சொன்னதால்: 7.4 தளங்கள் இரண்டும் கோப்பில்தான் செஷன் வைக்கின்றன என்று நினைக்கிறேன். டெபியன், உபுண்டுவில் எல்லா வேர்ஷனுக்கும் முன்னிருப்பு செஷன் அடைவு ஒன்றே ஒன்று. பூலுக்குப் பூல் செஷன் பாதையை மாற்றிவிடுங்கள், அந்தந்தப் பயனருக்கு மட்டும் உரிமை கொடுத்து. அதோடு வேலை முடியவில்லை. இந்த டிஸ்ட்ரோக்களில் பிஎச்பி தானாகப் பழைய செஷனைக் குப்பை பொறுக்காது, அந்த வாய்ப்பைப் பூச்சியமாக்கி வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஓடும் சிஸ்டம்டி டைமர்தான் துப்புரவு செய்கிறது, அது ஐஎன்ஐ கோப்பில் உள்ள பாதையைத்தான் பார்க்கும், பூலில் நீங்கள் எழுதிய பாதை அதற்குத் தெரியாது. புது அடைவில் கோப்புகள் மாதக்கணக்கில் சேர்ந்து ஒரு நாள் ஐநோட் (டிஸ்க்கின் கோப்பு எண்ணிக்கை வரம்பு) முடிந்து சேர்வரே படுக்கும். அந்த பூலிலேயே ஜிசி (குப்பை பொறுக்கும்) வாய்ப்பை 1 ஆக்குங்கள், அல்லது சொந்தமாக ஒரு கிரொன் போடுங்கள்.

அலஸ்தோட்டம்:

சீனக்குடா அண்ணா சொன்னதோடு என்ஜின்எக்ஸையும் சேர்க்க வேண்டும். ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் போட்டு நாலு தளமும் ஒரே கேஷ் வலயத்தைப் பாவித்தால், சாவியில் ஹோஸ்ட் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். வேண்டுகோள் பாதை மட்டும் சாவியாக இருந்தால் எல்லாத் தளத்தின் முகப்பும் ஒரே சாய்வுக்கோடுதானே, ஹார்ட்வெயார் கடைக்கு வந்தவருக்குச் சங்கத்து முகப்பு போகும். முன்பதிவுத் தளத்தை அந்தக் கேஷில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவரின் பெயர் போட்ட பக்கம் இன்னொருவருக்குப் போவதைவிட அரை விநாடி தாமதம் எவ்வளவோ மேல்.

நிலாவெளி வெயில்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். 2022இல் செத்த வேர்ஷனை இவ்வளவு பக்குவமாக ஏன் வளர்க்க வேண்டும்? காசு கட்டும் தளம் வேறு. 8.3க்கே 2027 கடைசி வரைதான் பாதுகாப்புத் திருத்தம். இரண்டு தளத்தையும் மாற்றி எழுதிவிட்டு 7.4ஐக் கழற்றி எறிந்தால் பாதிச் சிக்கல் தானாகப் போய்விடும்.

உவர்மலை வெப்:

சொல்வது நியாயம்தான். ஆனால் தங்குமிடக்காரர் மே முதல் செப்டம்பர் வரை தளத்தில் கை வைக்கவே விடமாட்டார். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்கள் வருகிற காலம் அதுதான், வருஷத்துக்கான உழைப்பு முழுவதும் அதற்குள். மாரி தொடங்கி அறைகள் காலியான பிறகு மாற்றலாம் என்றுதான் பேச்சு. கோட்டைத் திறந்து பார்த்தேன், ஈச் செயற்கூறு நாலைந்து இடத்தில் இருக்கிறது, அது 8.0இல் எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். வேறு எதைத் தேட வேண்டும்?

மூதூர் கரை:

ஈச், கிரியேட் ஃபங்ஷன், நெளிவு அடைப்பால் அணி உறுப்பை எடுப்பது, இவையெல்லாம் ஓடினவுடனேயே கத்தும், திருத்துவது லேசு. பயப்பட வேண்டியது கத்தாதவைக்குத்தான்.

எண்ணையும் எழுத்துச் சரத்தையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும் விதி 8.0இல் மாறியது. முன்பதிவுக் கோட்டில் "மீதித் தொகை வெற்றுச் சரத்துக்குச் சமமா" என்று ஒரு இஃப் இருக்கிறது என்று வையுங்கள். மீதி எண் 0 ஆக இருந்தால் 7.4இல் அது உண்மை, பில்லில் மீதி வரி வராது. 8.3இல் அதே வரி பொய், "மீதி 0 ரூபாய் செலுத்தவும்" என்று விருந்தாளிக்குப் போகும். இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. இதே ஒப்பீடு அறை காலியா என்று பார்க்கும் இடத்தில் இருந்தால் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுக்கும், லொக்கில் ஒரு வரிகூட இருக்காது. இரட்டைச் சமக்குறி இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் கிரெப் தேடல் போட்டு எடுத்து, ஒரு பக்கம் எண் வரக்கூடிய இடங்களைக் கையால் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

நிலாவெளி, உங்களோடு ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போகிறேன். 7.4 இருக்கும்வரை அதை வெளியில் இருந்து எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவு மறைக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடைக் கணக்கு ஏன் பொது இணையத்தில் இருக்கிறது? கடைக்காரர்கள் நாலு பேர்தான் பாவிப்பார்கள், அதை வயர்கார்ட் விபிஎன்னுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்.

உவர்மலை வெப்:

வயர்கார்ட் நல்ல யோசனை, கடைக்காரரும் சரி என்றார். முன்பதிவுத் தளத்தை 8.3இல் ஓட்டிப் பார்க்க ஒரு துணை டொமைன் திறக்கப்போகிறேன். அதே கோட் அடைவையே 8.3 பூலுக்கும் காட்டினால் கேஷ் இடிக்குமா?

அலஸ்தோட்டம்:

ஓபிகேஷ் இடிக்காது, மாஸ்டர் வேறு. டிஸ்க்கில் எழுதும் ஓபிகேஷ் கோப்புக் கேஷ் போட்டிருந்தாலும்கூட இடிக்காது, அது பிஎச்பி பில்டுக்கு ஏற்ற ஓர் அடையாளச் சரத்தின் பெயரில் உள் அடைவு போட்டுத்தான் எழுதும். இடிப்பது செயலியே எழுதும் கேஷ்: கம்பைல் ஆன டெம்ப்ளேட்கள், சீரியலைஸ் பண்ணி வைத்த அமைப்புகள். 8.3 பயனர் எழுதிய கோப்பை 7.4 பயனருக்கு அழிக்க உரிமையும் இருக்காது, உண்மைத் தளத்தில் பக்கம் உறைந்து நிற்கும். அடைவைப் பிரதி எடுங்கள், டேட்டாபேஸையும் பிரதி எடுங்கள். 8.3 பூலைச் சங்கத்தின் மாஸ்டருக்கு அடியில் வைக்காமல் பொதியோடு வந்த 8.3 மாஸ்டரில் விடுங்கள், சோதனை முடிந்ததும் கழற்ற லேசு.

சீனக்குடா:

டேட்டாபேஸ் பிரதி எடுத்தவுடன் அதில் விருந்தாளிகளின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் உங்கள் முகவரிக்கு மாற்றிவிட்டுத்தான் தளத்தை எழுப்புங்கள், காசு வாங்கும் சாவியையும் சோதனைச் சாவியாக்கி. பழைய கோட்டுக்குள் "நாளை வருபவர்களுக்கு நினைவூட்டல்" மாதிரி ஏதாவது ஒரு கிரொன் ஒளிந்திருக்கும், பிரதியில் அது ஓடினால் ஆட்களுக்கு இரண்டு மடல் போகும்.

உவர்மலை வெப்:

இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன், காலை ஆறு மணிக்கு. பிரதியில் அதை நிறுத்திவிட்டேன், முகவரிகளும் மாற்றியாயிற்று. ரெடிஸ் இரண்டாவதும் எழும்பி கியூ அங்கே ஓடுகிறது. செஷன் அடைவுகளுக்கு ஜிசி 1 போட்டேன். கிரெப்பில் இரட்டைச் சமக்குறி வந்த இடங்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன, விலைக் கணக்குக் கோப்பில் இருந்து தொடங்குகிறேன். அங்கே சந்தேகமான வரி ஏதும் வந்தால் இதே இழையில் போடுகிறேன்.